மஞ்சள் தாளில் ஒரு வினைச்சொல்

நிஜப் படிவத்தில் பரீட்சை வைத்த ஆள் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் இடையிடையே சிரிப்பார்கள். வெள்ளைத்தாள் தீர்ந்துபோய்விட்டது என்று அன்றைக்கு நான் சொன்ன காரணமும் பொய். ஸ்டோரில் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. அன்று காலை பல் துலக்கும்போது எனக்குக் கல்வித்துறையில் ஒரு புரட்சி தோன்றியிருந்தது, அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் வரும் புரட்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்று நினைத்தேன்.

நாங்கள் கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர் கட்டுகளைச் செய்கிறோம். நாங்கள் என்றால் மற்றவர்கள். நான் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த என்னை, ‘ஃபேக்டரி இங்கிலீஷ்’ சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். மூன்று நூற்றாண்டு நாடகங்களையும் கவிதைகளையும் படித்த மூளை, இப்போது ஆறு வருஷமாக ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துச் சோறு தின்கிறது. அந்தச் சொல் ‘எஸ்கலேட்’.

பொருள் எளிது. உன் கையால் தீராத சிக்கலை உனக்கு மேலே இருப்பவரிடம் எழுத்தில் கொண்டுபோ. அவராலும் தீரவில்லையா, அவருக்கும் மேலே. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வேன். ஏணி போட்டுக் கோட்டைச் சுவர் ஏறிய பழங்காலப் படைவீரர்களில் தொடங்கி, துணிக்கடை எஸ்கலேட்டரில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறும் மாமிகள் வரை வந்து, பிறகு மூச்சு வாங்குவேன். இத்தனைக்கும் நான் வாழ்நாளில் எதையும் எஸ்கலேட் செய்தவன் இல்லை. பயிற்சி அறையின் புரொஜெக்டர் இரண்டு வருஷமாக எல்லா முகங்களையும் ஊதா நிறத்தில் காட்டுகிறது. மாணவர்களிடம் அதைப் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

லைனில் வேலை செய்பவர்கள் லைன் லீடர் ஆகவேண்டுமென்றால் ஐந்து தேர்வுகளில் தேறவேண்டும். நான்கு தேர்வுகள் கைவேலை. ஐந்தாவது என்னுடையது: கொடுக்கப்பட்ட வினைச்சொல்லை வைத்துச் சரியான வாக்கியங்கள் எழுதுக. மூன்று தடவை எழுதலாம். மூன்றாவதிலும் விழுந்தால் இரண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பென்னலூர் அக்கா. பென்னலூர் அவர் ஊர், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட எப்படியும் பத்து வயது சின்னவர், நானும் அக்கா என்றுதான் சொல்வேன். பதினோரு வருஷமாக அதே லைன். கண்ணை மூடிக்கொண்டு ஒயரைத் தொட்டு எந்த ஒயர் என்று சொல்வார். அவர் கழுத்தில் தொங்கும் சின்னச் சிலுவை ஒயரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டு வேலை பார்ப்பார். நான்கு தேர்வுகளிலும் முதல் மதிப்பெண். என் தேர்வில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். அன்று மூன்றாவது தடவை.

அன்றைக்குத்தான் நான் புரட்சி செய்தேன். வெள்ளைத் தாளுக்குப் பதிலாக ஸ்டோரிலிருந்து மஞ்சள் தாள் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து ஆளுக்கொன்று கிழித்துக் கொடுத்தேன். மஞ்சள் தாள் என்பது லைனில் யாராவது உண்மையிலேயே ஒரு சிக்கலை மேலே கொண்டுபோவதற்கான படிவம். வரிசை எண் அச்சிட்டிருக்கும். என்ன சிக்கல், யாரிடம் கொண்டுபோகிறீர்கள், கையெழுத்து, கடைசியில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. புத்தகத்தின் மேல் தூசி படிந்திருந்தது. யாரும் எழுதுவதில்லை. எழுதாததால் சிக்கலே இல்லை என்று ஆகி, ஆலையின் நுழைவாயிலில் இருக்கும் பெரிய திரை எப்போதும் பச்சையாக இருக்கும்.

“லைன்ல ஒரு பிரச்சினை வந்ததா கற்பனை பண்ணி எழுதுங்க” என்றேன்.

“கற்பனை இன்னாத்துக்கு சார், நெஜமே கீதே” என்றார் அக்கா.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு தம்பி கையைத் தூக்கினான். “சார், எங்க ஹாஸ்டல்ல தண்ணி வரமாட்டேங்கு. அத எழுதலாமா?”

“வினைச்சொல் சரியா இருந்தா எது வேணா எழுதலாம்” என்றேன். வரலாற்றில் பலர் இப்படித்தான் அலட்சியமாக ஒரு வரி சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அரைமணி நேரம் அறையில் பேனாச் சத்தம் மட்டும்தான். வழக்கமாக என் தேர்வில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அன்று ஒருவரும் பார்க்கவில்லை. தாள்களை வாங்கிப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். பதினொன்றிலும் அந்தச் சொல் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அக்காவின் தாளில் இருந்தது இது:

“பஸ் இஸ் ஸ்டாப்பிங் ராங் சைடு. லேடீஸ் ஆர் ஜம்பிங் மீடியன். ஒன் லேடி லெக் பிராக்சர். டிரைவர் கேனாட் டிசைட். ஐ எஸ்கலேட் திஸ் டு அட்மின் மேனேஜர்.”

கம்பெனி பஸ் சாலையின் தப்பான பக்கம் இறக்கிவிடுகிறது, பெண்கள் நடுச்சுவரைத் தாண்டிக் குதிக்கிறார்கள், ஒருத்திக்குக் கால் ஒடிந்தது, டிரைவரால் முடிவெடுக்க முடியாது, அதனால் நிர்வாக மேலாளரிடம் கொண்டுபோகிறேன் என்று அர்த்தம். இலக்கணப் புலவர்கள் ஏதாவது சொல்லட்டும். எனக்கு அது செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு சொல் கூடுதலாக இல்லை. கடைசி வரி வரும்போது அந்த வினைச்சொல்லைத் தவிர வேறு எந்தச் சொல்லாலும் அங்கே நிற்க முடியாது. ‘வெரி குட்’ என்று சிவப்பு மையில் எழுதி, ஆசிரியப் பழக்கத்தில் கீழே கையெழுத்தும் போட்டேன். கீழே இருந்தது பெற்றுக்கொண்டவர் கட்டம். பதினோரு தாளிலும் அப்படியே போட்டு, பயிற்சிக் கோப்பில் சேர்க்கும்படி ஆவண அறையில் கொடுத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆவண அறை நண்பர் தன் வேலையில் கறாரானவர். மஞ்சள் தாளில் எண் இருக்கிறது, எழுதியவர் கையெழுத்து இருக்கிறது, பெற்றவர் கையெழுத்து இருக்கிறது. அன்று மதியம் சரியாக மூன்று மணிக்குப் பதினொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை காலை நுழைவாயிலில் கூட்டம் நின்றது. பெரிய திரை மஞ்சளாக இருந்தது. ‘தீராத சிக்கல்கள்: 11’. ஒரு வருஷமாகப் பச்சையையே பார்த்துப் பழகிய செக்யூரிட்டி, திரை ரிப்பேர் என்று நினைத்து இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாராம்.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. ஏற்றிய மஞ்சள் தாளைக் கிழிக்க முடியாது. ஒன்று, சிக்கலைத் தீர்த்து மூடவேண்டும். இல்லையென்றால் எழுதியவரே ‘தவறாக எழுப்பினேன்’ என்று கையெழுத்துப் போட்டு விலக்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் தானாகவே ஏணி ஏறும். முதல் நாள் துறை மேலாளரிடம், இரண்டாம் நாள் ஆலைத் தலைவரிடம், மூன்றாம் நாள் முடியும் நொடியில் கடல் தாண்டித் தலைமையகத்துக்கு. மூன்றாம் நாள் என்பது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி.

பஸ், விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் நிர்வாக மேலாளர். பதினொன்றில் ஒன்பது அவர் தலையில் விழுந்திருந்தது. என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

“சார், நீங்க இங்கிலீஷ் சொல்லித் தரீங்களா, இல்ல யூனியன் நடத்துறீங்களா?”

“வினைச்சொல் சார்.”

“அந்த வினைய நீங்களே அறுத்துடுங்க. பதினோரு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

வாங்கினேன். எந்த வெட்கமும் இல்லாமல் கேன்டீன் மேஜைக்கு மேஜை போய் வாங்கினேன். பத்துப் பேர் போட்டார்கள். தென்காசித் தம்பி போடும்போது, “இது போவட்டும் சார். சொல் மனசுல நின்னுட்டு, பொறவு புதுசா எழுதிக்கிடுதேன்” என்றான். பதினோராவது அக்கா. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே தாளைப் படித்தார். அவர் ஆங்கிலம் படித்த வேகத்தைப் பார்த்து, இரண்டு தடவை எப்படி இவரை ஃபெயில் செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

“தப்பா எழுதிட்டேன்னு போட்டுக் கீதே சார்.”

“ஆமா. ஒரு ஃபார்மாலிட்டிதான்.”

“தப்பா எழுதிட்டேன்னு நானே கையெழுத்து போட்டா, பரீட்சைல எப்பிடிப் பாஸ் போடுவீங்க?”

கேள்வி நியாயமானது. எழுதிய தாள் ஒன்றுதான். அது தவறு என்றால் அதில் இருக்கும் தேர்வும் தவறு. மற்ற பத்துப் பேருக்கும் அது முதல் தடவை. இன்னும் இரண்டு இருந்தது. இவருக்கு இதுதான் கடைசி.

“பாஸ் தனியா போட்டுக்கலாம்னு மேனேஜர் சொன்னார்” என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன்.

“எழுதிக் குடுப்பாரா?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லைன் பெண்களில் ஒருத்தி, “குடுப்பாரு, குடுப்பாரு. போன வருசம் என் இன்கிரிமென்ட்ட எழுதிக் குடுத்தாரே, வெரல காத்துல ஆட்டிக்கினு” என்றாள். மேஜையே சிரித்தது.

“சார்,” என்றார் அக்கா, சிரிக்காமல். “பதினோரு வருசமா ரெண்டே காலு மணிக்கு பஸ்ஸு கெளம்புது. மூணு மணிக்குள்ள ரோட்டுக்கு இந்தாண்ட எறக்கி வுடறான். எங்க வூடெல்லாம் அந்தாண்ட. கன்டெய்னர் லாரி வரும், தண்ணி லாரி வரும், நடுச்செவுத்த தாண்டிக் குதிக்கிறோம். குதிக்கிறதுக்கு முந்தி நான் ஒரு ஜெபம் சொல்லுவேன். பரீட்சைக்குக் கூட சொன்னதில்ல. எங்க லைன்ல ஒருத்தி குதிச்சி கால ஒடிச்சிக்கினு மூணு மாசம் வூட்ல கெடந்தா. நான் இன்னா தப்பா எழுதிட்டேன்?”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நான் சமாதானம் பேசப் போன இடங்களிலெல்லாம் எதிர்க்கட்சியில் சேர்ந்துதான் திரும்பியிருக்கிறேன். என் மனைவி இதற்குச் சாட்சி.

அன்று மதியம் மூன்று மணிக்குத் திரை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. ‘தீராத சிக்கல்கள்: 1’. கேன்டீனில் ஒரு டிவி உண்டு; அதிலும் இதே திரை ஓடும். இவ்வளவு நாளும் அதை யாரும் பார்த்ததில்லை. இப்போது ஷிப்ட் மாறும்போதெல்லாம் அதன் அடியில் கூட்டம். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் மாதிரி. “அக்காது எங்க கீது?” “பெரியவர் கிட்ட பூட்ச்சி.” “இன்னும் எத்தினி மணி நேரம்?” வேலை முடிந்தும் ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். இலக்கியம் படித்த இத்தனை வருஷத்தில் ஒரு வாக்கியத்துக்காக இவ்வளவு பேர் நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் திருவிழா.

வியாழக்கிழமை ஆலைத் தலைவர் கூப்பிட்டார். நிர்வாக மேலாளரும் இருந்தார்.

“அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார் தலைவர். “தாள் தலைமையகம் போனா என்ன ஆகும்னு தெரியுமா? அங்க ‘ஏன்’னு அஞ்சு தடவ கேப்பாங்க. பஸ் ஏன் அந்தப் பக்கம் நிக்குது? யூ-டர்ன் எடுக்கல. ஏன் எடுக்கல? இப்பிடியே போயி அஞ்சாவது ஏனுக்கு என் பேரு வரும்.”

நிர்வாக மேலாளர் கணக்குச் சொன்னார். முன்னால் போய் யூ-டர்ன் எடுத்து வந்தால் இருபது நிமிடம் கூடுதல். பஸ்ஸில் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, “ரிசல்ட்ட இன்னும் ஏத்தலதானே? கொஞ்சம் நிறுத்தி வைங்க. அந்தம்மா தானா எறங்கி வந்துடுவாங்க” என்றார்.

இங்கே நான் எழுந்து நின்று ஒரு வசனம் பேசியதாக எழுத ஆசைதான். “சரி சார்” என்றுதான் சொன்னேன். மேலே என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் அக்காவின் பெயருக்கு எதிரே காலிக் கட்டம். ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். அதிலும் பொய் சொல்லிவிட்டால் பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது என்று தோன்றியது. ‘பாஸ்’ என்று அடித்தேன். அடித்துவிட்டு, தவறுதலாக இரண்டு தடவை சேமித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவிடம் பாஸ் என்று சொன்னேன். “சரிங்க சார்” என்றார். “அப்ப தாளு?”

“அது உங்க இஷ்டம். இனிமே கையெழுத்துப் போட்டாலும் ரிசல்ட் மாறாது” என்றேன். இது விதிப்படி உண்மையா என்று எனக்குத் தெரியாது. மாறும் என்று யாராவது வந்து சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

“போட மாட்டேன் சார்.”

மதியம் இரண்டே கால். பஸ் கிளம்பும் இடத்துக்கு நிர்வாக மேலாளர் வந்து நின்றார், கையில் போன், முகத்தில் எரிச்சல். கடைசி நேரத்தில் ஆலைத் தலைவர், “கணக்கு சொல்லாதீங்க, ஒரு தடவ ஓட்டிப் பாருங்க” என்று சொல்லிவிட்டாராம். நானும் ஏறிக்கொண்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை; என் பைக் ஆலையிலேயே நின்றது. என்னை இறக்கிவிட்டிருந்தால் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

வல்லக்கோட்டை தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வந்தோம். பெங்களூர் சாலையில் ஏறியபோது மணி இரண்டு நாற்பத்தி ஐந்து. பென்னலூரில் வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. பழக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டார். முப்பது பெண்களும் ஒரே குரலில், “போ, போ” என்றார்கள்.

பஸ் போனது. பழக்கமில்லாத தூரம், எல்லோரும் ஜன்னல் வழியே புது ஊரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மேலாளர் போனில் நேரம் ஓடவிட்டிருந்தார். பின் சீட்டில் ஒருவர், “என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வராங்க, எவ்ளோ நேரம்யா சுத்துவீங்க” என்றார். “பொண்ணு பாக்கத்தானே வராங்க, உன்னப் பாக்கவா வராங்க, கம்முனு குந்து” என்றாள் கேன்டீன் மேஜைக்காரி.

யூ-டர்ன் இடைவெளி வந்தது. எதிரே ஒரு கன்டெய்னர், அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் சிமெண்ட் லாரி. டிரைவர் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இரண்டு ஐம்பது. ஐம்பத்தொன்று. நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சிமெண்ட் லாரிக்காரர் யார் பெற்ற பிள்ளையோ, வேகத்தைக் குறைத்து விளக்கை அடித்துக் காட்டினார். பஸ் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறியது. அப்போது பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தைப் போல நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. யாரோ சீட்டின் பின்புறத்தைத் தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தங்கச்சிக்காரரும் தட்டினார்.

தெருமுனையில் பஸ் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சும்மா இறங்கி, சும்மா நடந்தார்கள். ஒருத்தி நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்து, குதிக்க ஒன்றும் இல்லாததால் என்ன செய்வது என்று தெரியாத மாதிரி நின்றாள்.

மேலாளர் போனைப் பார்த்தார். “எட்டு நிமிஷம்” என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட குரலில். இருபது என்று கணக்குச் சொன்னவரே அவர்தான். பிறகு போனிலேயே அக்காவின் மஞ்சள் தாளைத் திறந்து, திங்கள் முதல் இந்த வழி என்று எழுதி, தீர்ந்தது என்று மூடினார். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஆலையில் கேன்டீன் டிவி பச்சையானபோது அடித்த விசில் கேட் வரைக்கும் கேட்டதாகச் செக்யூரிட்டி சொன்னார். நான் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி ஒன்றரை மணி நேரத்தில் பைக்கிடம் திரும்பினேன். ஒரு இடத்திலும் கஷ்டமாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி அக்கா லைன் லீடர் ஆனார். கையில் நீலப் பட்டை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை பத்து மணிக்குக் கீழே இறங்கி லைனுக்கே போனேன். ஒயர் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்று, அவருடைய வாக்கியம் எவ்வளவு அழகானது, அதில் ஒரு சொல்லை மாற்றினாலும் கெட்டுவிடும், அந்த வினைச்சொல் முதன்முதலில் கோட்டைச் சுவரில் ஏணி சாத்தியவர்களிடமிருந்து எப்படி வந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். கடைசியில் என் காலைப் பார்த்தார். நான் தரையில் வரைந்திருந்த கோட்டைத் தாண்டி நின்றிருந்தேன்.

“சார், லைனுக்குள்ள வெளியாளு வந்து நின்னாலும் மஞ்சத்தாளு எழுதணும்னு கீது” என்றார் அக்கா. “கொஞ்சம் நவுந்துக்கினீங்கன்னா எனக்கு ஒரு தாளு மிச்சம்.”